‘சாப்பிட்டீங்களா?’ என்று இனி நான் கேட்பதில்லை

எங்கள் சத்திரசிகிச்சை வார்டில் தமிழ் தெரிந்த ஒரே நர்ஸ் நான்தான் என்று பல வருஷம் பெருமையடித்திருக்கிறேன். அந்தத் தமிழை வைத்தே ஒரு மனிதரின் ஆபரேஷனை இரண்டு முறை நிறுத்தியவனும் நான்தான். சிங்களம் மட்டும் தெரிந்த நர்ஸ்மார் எவராலும் அந்தச் சாதனையைத் தொட முடியவில்லை. அவர்கள் கையைக் காட்டி, வாயைப் பொத்திக் காட்டி, எப்படியோ விளக்கிவிடுவார்கள். நான் பேசிக் கெடுத்தேன்.

வார்டுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் படியுங்கள், பரவாயில்லை.

ரொட்டி

பெரியசாமி தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் உர மூட்டை தூக்குகிறவர். வயது ஐம்பதுக்கு மேல். குடலிறக்கம். இருமினால் அடிவயிற்றைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். வெளியே வந்த குடல் ஒரு நாள் உள்ளே போகாமல் இறுகிவிட்டால், அந்த மலைப்பாதையில் கண்டியில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் அது அழுகத் தொடங்கிவிடும். அதனால்தான் டொக்டர் சீக்கிரமாகத் திகதி கொடுத்திருந்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் கட்டிலடிக்குப் போய், நான் எனது கெலிஓயா முஸ்லிம் தமிழில் சொன்னேன்:

"நாளைக்குக் காலையில ஒண்டும் சாப்பிடப்படாது. விளங்கிச்சா?"

"சரிங்க ஐயா."

பக்கத்தில் நின்ற மனைவி லெட்சுமியும் "சரிங்க" என்றார். இரண்டு ‘சரிங்க’ கிடைத்த சந்தோஷத்தில் நான் அவர்கள் சிரிக்க ஒரு பகிடியும் விட்டுவிட்டுப் போனேன்.

மறுநாள் தள்ளுகட்டிலில் ஏற்றும்போது கேட்டேன். "சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க."

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டொக்டர் குனிந்து அவர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தார். வெங்காயமும் மிளகாயும் கலந்த ஒரு வாசம் டொக்டரின் முகக்கவசத்தையும் தாண்டிப் போனது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று நான் பதறினேன்.

"சாப்பிடலைங்க ஐயா. ரெண்டு ரொட்டியும் சம்பலும், ஒரு பிளேன்டீயும். அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சாப்பாடு என்றால் சோறு. காலை ரொட்டி, தேத்தண்ணியோடு உள்ளே போகிற ஒரு சாமான். வயிற்றில் எதுவும் இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய் ஆளே முடிந்துவிடலாம் என்று நான் அவருக்குச் சொல்லவேயில்லை. பகிடிக்கு நேரம் இருந்தது, இதற்கு இருக்கவில்லை.

கட்டில் திரும்பி வந்தது. ஒன்றரை மாதம், ஆறு கிழமை கழித்து வரச் சொன்னார்கள்.

விரதம்

ஆறு கிழமையில் நான் திருந்தி, கெட்டிக்காரனாகிவிட்டேன். அதுதான் ஆபத்து. இந்த முறை அவருடைய பாஷையில் பேசப்போகிறேன் என்று முடிவெடுத்தேன்.

"பெரியசாமி, நாளைக்கு விரதம். விரதம் எண்டா எப்படியோ அப்படி இரிக்கணும். சரியா?"

இருவர் முகமும் மலர்ந்தது. "ஐயோ, அது நல்லா தெரியுமுங்க," என்றார் லெட்சுமி. எனக்கும் முகம் மலர்ந்தது. எங்கள் ரமழான் நோன்பு என்றால் பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. விரதம் என்பது அதே நோன்புக்கு அவர்கள் சொல்கிற பெயர் என்று நான் நினைத்திருந்தேன். கோயிலுக்குப் போகிற மனிதர்களோடு இத்தனை வருஷம் வேலை செய்தும், ஒருவரிடம்கூட விசாரிக்காத அறிவாளி நான்.

காலையில் கேட்டேன். "விரதம்தானே?"

"சுத்தமா விரதமுங்க," என்றார் லெட்சுமி, கையில் ஃபிளாஸ்க்கோடு. "பாலும் ரெண்டு வாழைப்பழமும்தான்."

இந்த முறை பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். நல்ல வேலைக்காரி, ஆனால் அன்றைக்குக் கொதித்துப்போயிருந்தார். "பொரு!" என்றார். சிங்களத்தில் அதற்குப் பொய் என்று அர்த்தம். என்னை எப்போதும் மல்லி, தம்பி, என்றுதான் அழைப்பார். "இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், மல்லி. டிக்கட்டில் எழுது. நோயாளி அறிவுறுத்தலை மீறினார் என்று எழுது."

நோயாளியின் குறிப்பேடான டிக்கட்டில் அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெரியசாமியின் பெயர் லிஸ்டிலிருந்து வெட்டுப்படும். கிளினிக்கில் முதலிலிருந்து வரிசை. எத்தனை மாதமோ, அதுவரை இருமலும் உர மூட்டையும். அந்தக் குடல் எனது பகிடிக்காகக் காத்திருக்காது.

பெரியசாமி சிங்களம் விளங்காமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "தப்பு எங்களோடதுதானுங்க ஐயா."

அதுதான் என்னைச் சுட்டது. சொன்னபடியே செய்துவிட்டு, தப்பு என்னுடையது என்கிறார். நான் பேனையை எடுத்து டிக்கட்டில் எழுதினேன்: ‘நோயாளி நான் சொன்னதைச் செய்தார். நான் சொன்னதுதான் பிழை.’ கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரையும் குத்தினேன். அந்த முத்திரையை அவ்வளவு பலமாக நான் அதற்கு முன்னும் குத்தியதில்லை, பின்னும் குத்தியதில்லை.

"மல்லி, பைத்தியமா? விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்."

"வரட்டும் சிஸ்டர். விளக்கம் என்கிட்ட நெறய இருக்கு. ஆனா இந்த மனிசன்ட பேருக்குப் பக்கத்துல அந்த வசனத்தை நான் எழுத மாட்டேன். வேற யாரும் எழுதினா, அதுக்குக் கீழயும் இதையே எழுதுவேன்."

வார்டு ரவுண்டில் சேர்ஜன் அதை வாசித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளை மறுநாள் லிஸ்டில் கடைசியாகப் போடு. அன்றைக்கும் பிழை நடந்தால் கட்டிலில் உன்னை ஏற்றுவேன்."

வெற்றிலை

மூன்றாம் முறை நான் எதையும் கெட்டித்தனமாகச் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வயிற்றில் ஏதும் இருந்தால் மயக்கத்தில் என்ன நடக்கும் என்று சொன்னேன். "வாய்க்குள்ள ஒண்டும் போகப்படாது. தண்ணியும்தான்," என்றேன். பிறகு வாழ்க்கையில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு, "இப்ப நீங்க சொல்லுங்க. நாளைக்கு எழும்பினதுல இருந்து என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சு மூஞ்சி கழுவுவேனுங்க. ரொட்டி இல்ல, பால் இல்ல, தண்ணி இல்ல. ஒரு வாய் வெத்தலய போட்டுக்கிட்டு தயாரா..."

"வெத்தலயா!"

"அத முழுங்க மாட்டேனுங்களே. துப்பிருவேன்."

அந்த ஒரு கேள்விதான் அவரைக் காப்பாற்றியது. மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. பதில் எழுதினேன். எதுவும் சாப்பிடக் கூடாது என்று கட்டிலில் தொங்குகிற அறிவிப்பில் தமிழ் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன். பதில் வரவில்லை. ஆபரேஷன் முடிந்த அன்றே நானே ஒரு மட்டையில் எழுதி மாட்டியிருந்தேன்: ‘வாய்க்குள்ள ஒண்ணும் போகக் கூடாது. சோறு, ரொட்டி, பிளேன்டீ, பால், பழம், தண்ணி, வெத்தல, ஒண்ணுமே.’ அனுமதி இல்லாத அறிவிப்பு, அதுவும் பேச்சுத் தமிழில், என்று சொல்லிக் கழற்றினார்கள். இன்னொன்று எழுதினேன். அதையும் கழற்றினார்கள். இப்போது தொங்குவது நான்காவது. என் அலுமாரியில் மட்டை இன்னும் நிறைய இருக்கிறது.

"சொன்னாக் கேட்க மாட்டார்கள்" என்று இனி உங்களிடம் யாராவது சொன்னால், "நாம் என்ன சொன்னோம்?" என்று திருப்பிக் கேளுங்கள். முறைப்பார்கள். கேளுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில் பெரியசாமி கும்பிட்டார். லெட்சுமி கும்பிடவில்லை. வார்டில் தொங்கிய என் முதல் மட்டையை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். அதுவரை ‘ஐயா’ என்று அழைத்தவர், என் பக்கம் திரும்பி, எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல ‘நானா’ போட்டுச் சொன்னார்:

"எங்க வாய்க்குள்ள ஒண்ணும் போகக் கூடாதுன்னு போர்டு போட்டது சரிதான் நானா. ஒங்க வாயிலருந்து கொஞ்சம் கொறச்சு வரணும்னு ஒரு போர்டு எழுதி ஒங்க கழுத்துல மாட்டிக்கிட்டிருந்தா, மொத தடவையே முடிஞ்சிருக்கும்."