நான் நின்றுபோன வசனங்கள்

முதல் தடவை அது வந்தபோது நான் படகில் இருந்தேன். அதாவது, புயலில் படகு தத்தளிக்க, இயேசு பின்பக்கம் நிம்மதியாகத் தூங்கும் பகுதியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். திருச்செங்கோட்டில் ஜெயசீலன் அண்ணன் வீட்டுக் கூடத்தில் புதன்கிழமை மாலை நடக்கும் வேதபாடக் கூட்டம் அது. மொத்தம் ஏழு பேர். மாற்கு சுவிசேஷத்தை வரிசையாகப் படித்து வந்தோம். ஒரு பகுதியையும் தாண்டக் கூடாது என்பது அண்ணனின் சட்டம். வாசிப்பவர் முடித்ததும் ஒவ்வொருவரும் தன்னைத் தொட்டது எது என்று சொல்ல வேண்டும். சீடர்கள் அவரை எழுப்பப் போகும் இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

நான் நின்றதே எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அண்ணன் மெல்ல "ஆமென்" என்றார்.

"நிதானமா வாசிங்க தம்பி. ஆவியானவர் தொடும்போது அவசரப்படக் கூடாதுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். விளங்காததற்குத் தலையாட்டுவது கூட்டத்தில் எனக்குப் புதிதும் இல்லை.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. நாமக்கல் சாலையில் உள்ள ஓர் எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு எழுதித் தரும் வேலை. மனைவி ரூபி ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைக்கிறாள், புதன்கிழமைக் கூட்டத்துக்கும் என்னோடு வருவாள். எனக்கு வந்தது ஒரு நோய் என்று பின்னால் தெரிந்தது; அதே நோயோடு இருப்பவர்களுக்காகவும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சபைக்காரர்கள் படித்தாலும் தப்பில்லை.

நின்றுபோவதற்கு முந்தைய சில நொடிகள் மட்டும் எனக்கு நினைவிருக்கும். அதைச் சொல்லாவிட்டால் இந்த நோயைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். வயிற்றிலிருந்து ஒரு வெதுவெதுப்பு மேலே ஏறும். நிலக்கடலை தீய்ந்த வாசனை வரும். என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். தோன்றும் என்பதுகூடக் குறைச்சல், சந்தேகத்துக்கே இடமிருக்காது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று மனசு அடங்கும்.

கூட்டத்தில் ஆளாளுக்குக் கர்த்தர் தன்னோடு பேசினார் என்பார்கள். முப்பது வருடம் ஜெபம் செய்தும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் போலும் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது வந்தது. நான் வாசித்தால் எல்லோரும் காத்திருக்கத் தொடங்கினார்கள். நின்ற வசனத்தைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். வாடகை வீடு பார்ப்பவர்களும் வரன் பார்ப்பவர்களும் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எடைமேடையிலும் அது வந்தது. லாரிக்காரர்கள் ஆமென் சொல்லவில்லை. ஹாரன் அடித்தார்கள்.

விஷயத்தை உடைத்தவள் ரூபி.

"ஏனுங்க, நேத்து சோத்துல கைய வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டீங்க. வாயி சப்புக்கொட்டுது. வெரலு சட்டைப் பொத்தானத் தடவுது. கூப்புட்டா காதுல உழுகல. கூட்டத்துலயும் இதேதான் பண்றீங்க."

"ஜெபத்துல இருந்திருப்பேன்."

"ரசஞ்சோத்துலீங்களா?"

அடுத்த வாரம் சேலத்துக்குப் போனோம்.

நரம்பியல் மருத்துவர் ஓர் அம்மா. என்னைவிட ரூபியிடம்தான் அதிகம் கேட்டார். அடுத்த தடவை வந்தால் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நொடி என்று எண்ணி வைக்கச் சொன்னார். ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் பரிசோதனை) எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உட்பகுதியைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். சிறு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா என்று கேட்டார். வந்ததாக அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன் வடு, வலது காதுக்கு மேலே மூளைக்குள் கடுகளவு இருந்தது. பகுதி வலிப்பு (மூளையின் ஒரே இடத்தில் கிளம்புவது, ஆள் விழாமல், விழித்தபடியே நினைவு தப்புவது) என்று எழுதினார்.

நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்.

"டாக்டர், அப்ப ஒருத்தர் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குதுங்க. அதுவும் வலிப்புங்களா?"

"ஆமாங்க. அதுதான் வலிப்போட ஆரம்பம்."

"அப்ப அங்க யாருமே இல்லீங்களா?"

"அந்த உணர்வு எங்கிருந்து கிளம்புதுன்னு என்னால படத்துல காட்ட முடியும். யாராவது இருக்காங்களா இல்லையான்னு பாக்கற மெஷின் எங்ககிட்ட இல்லீங்க. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க."

காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முதல் மாதம் தூக்கமாக வந்தது. தெரிந்தவர்களின் பெயர் வாயில் வராமல் நின்றது. வண்டி ஓட்டக் கூடாது என்றார். அன்றிலிருந்து ரூபி ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊர் இரண்டு நாள் பார்த்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது.

கூட்டத்தில் இதைச் சொல்லக் கூடாது என்று ரூபியிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தேன். பேய் பிடித்தது என்பார்கள் என்று அவளிடம் காரணம் சொன்னேன். உண்மை வேறு. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள். அதை விட மனமில்லை.

மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தது. இரண்டு மூன்று மாதத்தில் அது நின்றது. வெதுவெதுப்பும் வரவில்லை, பக்கத்திலும் யாரும் வரவில்லை. வாசித்தால் கடைசி வசனம் வரை தடையில்லாமல் ஓடியது. எல்லோருக்கும் ஏமாற்றம்.

"என்னுங்க தம்பி, இப்பெல்லாம் பஸ்ஸப் புடிக்கற மாதிரி வாசிக்கறீங்க?" என்றார் அண்ணன்.

வீட்டில் முழங்காலில் நின்றால் சுவரோடு பேசுவது போல இருந்தது. முன்பும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை பதில் வந்த பிறகு அதைத் தாங்க முடியவில்லை. ஒன்பது நாள் இரவு மாத்திரையை வாயில் போடாமல் கழிவறையில் போட்டேன். யாரும் இதைச் செய்யாதீர்கள். எனக்கு அவர் வேண்டியிருந்தார், அவ்வளவுதான்.

பத்தாம் நாள் மதியம் எடைமேடையில் விழுந்தேன். முழு வலிப்பு (மூளை முழுவதும் பரவி, உடம்பு வெட்டி இழுப்பது). ஓட்டுநர் ஒருவர் என் கையில் ஸ்பேனரைத் திணித்தாராம். நல்ல மனுஷர், ஆனால் இரும்பால் ஒன்றும் ஆகாது. அப்படி யாரையாவது பார்த்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எனக்கு இடது தோள் மூட்டு நழுவியது, நாக்கு கிழிந்தது. இத்தனைக்கும் அந்த வெதுவெதுப்பு வரவில்லை. எந்த முன்னுணர்வும் இல்லாமல் ஒரு வெட்டு, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரை.

ஏன் நிறுத்தினேன் என்று ரூபியிடம் சொன்னேன். கிழிந்த நாக்கோடு பொய் சொல்வது கஷ்டம்.

"சாமியப் பாக்கோணும்னு மாத்திரைய நிறுத்துனீங்களா?" என்றாள். "உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் யாரப் பாப்பேன்னு நெனச்சீங்களா?" எனக்கு வெட்கமாக இருந்தது.

தோளில் கட்டோடு அடுத்த கூட்டத்துக்குப் போனபோது மாற்கு ஒன்பதாம் அதிகாரம் வந்திருந்தது. வலிப்பில் தீயிலும் தண்ணீரிலும் விழும் மகனை ஒரு தகப்பன் கூட்டி வருகிற பகுதி. தாண்ட வழியில்லை. வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருந்ததால் யாருக்கும் சந்தேகமும் இல்லை. அண்ணன் என்னையே வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். தான் விசுவாசிப்பதாகவும், தன் அவிசுவாசத்துக்கும் உதவ வேண்டும் என்றும் அந்தத் தகப்பன் ஒரே மூச்சில் கதறும் இடத்தில் நானாகவே நிறுத்தினேன். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

"இது அது இல்லீங்க. இப்ப நானா நிறுத்துனேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வடு, மாத்திரை, ஒன்பது நாள், எல்லாம்.

அண்ணன் வேதாகமத்தை மூடி வைத்தார். "அப்ப அது ஆவியானவர் இல்லீங்களா?" என்றார்.

"எனக்குத் தெரியலீங்கண்ணா. வலிப்புங்கறது மட்டும் தெரியும்."

"ஜெபத்துல நின்னு, மாத்திரைய..." என்று அவர் தொடங்கினார். எஸ்தர் அக்கா விடவில்லை. அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன்.

"சும்மா இருங்கண்ணா. மாத்திரைய அவரு உடக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க நின்னப்பெல்லாம் எம் புருஷன் குடிய உடோணும்னு நான் ஜெபம் பண்ணுனேன். ஊட்டுல ஒரு நிமிசம் அப்படி அமைதியா உக்கார முடியாதுங்க. உங்களுக்கு அது சீக்காவே இருக்கட்டும். நான் பண்ணுனது நெசந்தானுங்களே?"

"நெசந்தானுங்க அக்கா."

அந்த நிமிடங்களில் என்ன நடந்தது என்று நான் அதுவரை யாரையும் கேட்டதில்லை. அன்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவர் செத்துப்போன தன் அண்ணனை நினைத்தாராம். ஜெயசீலன் அண்ணன், கொஞ்சம் கூச்சத்தோடு, ஆழ்துளைக் கிணறு போடும் தன் ரிக் வண்டி பழுதாகி நின்றதை நினைத்ததாக ஒப்புக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்.

ரூபியின் முறை வந்தபோது அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடத் தொடங்கினாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் கேட்டேன்.

"நீ என்ன ஜெபம் பண்ணுன?"

"நான் எங்கீங்க ஜெபம் பண்ணுனேன்? முன்னெல்லாம் உங்க மொகத்தையே பாத்துட்டு இருப்பேன். டாக்டரம்மா சொன்னதுக்கப்பறம் நொடிய எண்ணுனேன். அறுபதுக்குள்ள வந்துருவீங்க. ஒருக்கா எம்பது ஆயிருச்சு. உங்க கையப் புடிச்சுட்டேனுங்க."

"எங்க உக்காந்திருந்த?"

"உங்க பக்கத்துலதான். வேற எங்க உக்காருவேன்?"

வலிப்பு கடைசியாக வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு வேளையும் மாத்திரை போடுகிறேன். தோள் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஜெபத்தில் இன்னமும் பதில் இல்லை. இருந்தாலும் செய்கிறேன். என் நாட்கள் எல்லாம் என் கையில் இருப்பதாக முன்பு நினைத்திருந்தேன். அவற்றில் சில நிமிடங்கள் என்னிடம் இல்லை. நான் இல்லாத அந்த நேரங்களில் ஒருத்தி என் பக்கத்தில் இருந்து, அறுபதுக்குள் நான் திரும்பி வர வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.