இருசக்கர வாகனம்: உண்டு

1. படிவம்

சொந்த ஊரில் கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. வேண்டியவர்களைச் சேர்த்துவிடுவோம், வேண்டாதவர்களை விட்டுவிடுவோம் என்று சந்தேகம். அதனால் ஊராட்சிச் செயலர்களாகிய எங்களை ஊர் மாற்றி அனுப்புவார்கள். எனக்கு நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, ஆற்றைத் தாண்டி ஒரு ஊர் விழுந்தது. எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.

வேலை இதுதான். கவர்மெண்டு வீடு கேட்டு மனு கொடுத்தவர்களின் வீட்டுக்குப் போய், அவர் உண்மையிலேயே ஏழைதானா என்று பார்த்து எழுத வேண்டும். படிவத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். கூரையா, ஓடா? குளிர்சாதனப் பெட்டி உண்டா? இருசக்கர வாகனம் உண்டா? சிலவற்றுக்கு 'உண்டு' என்று விழுந்தால் அதோடு சரி, பெயர் தள்ளுபடி. கடைசியில் செல்போன் ஆப்பில் வீட்டைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒன்றிய அலுவலகத்தில் எங்கள் மேலதிகாரி, டெபுடி பி.டி.ஓ., சொன்னார்: "கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க. சொல்ற கதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. ஒரு நாளைக்கு முப்பது வீடு முடியணும்."

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பகுதிநேர எழுத்தராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்து வேலை கற்றுக்கொண்ட ஆள் நான். பெரியவர் சொன்னதை அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டேன்.

2. வண்டு

முதல் நாள் காலையில் பார்த்த வீடுகளில் ஒன்று மேலத்தெருவில் இருந்தது. பத்து மா, அதாவது மூன்று ஏக்கருக்கு மேல், நிலத்துக்குச் சொந்தக்காரர். வாசலில் கிழிந்த பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சாமானும் இல்லை. சுவரில் டிவி மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. கொல்லைப்புறம் வைக்கோல் கொட்டகையிலிருந்து ஒரு முனகல் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க சத்தம்?" என்றேன்.

"வண்டு சார். இந்த வருஷம் வண்டு ஜாஸ்தி."

"கரண்டு ஒயரு கொட்டகைக்குள்ள போகுதே?"

"அதுக்குத்தான் சார் வண்டு வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டகைக்குள் போய், மூடியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்திருந்தால் குளிர்சாதனப் பெட்டி தெரிந்திருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் இருபது வீடு பாக்கி, ஆள் வேறு ஊராட்சித் தலைவருக்குச் சொந்தம். கண்ணால் பார்க்கவில்லை, ஆகவே 'இல்லை' என்று எழுதினேன். வெளியே வந்தும் சிரித்துக்கொண்டே நடந்தேன். இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

3. நான் குடித்த காப்பி

சவேரியம்மாவின் வீடு வாய்க்கால் ஓரம், மாதா கோயில் தெருவின் கடைசி. கீற்றுக் கூரை, மண் சுவர். மேற்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. மூன்று சென்ட் நத்தம் பட்டா, இறந்துபோன கணவர் பெயரில். நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். ஒரே மகள் ஸ்டெல்லா, கும்பகோணத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் நிற்கிறாள்; தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

"வாங்கய்யா, வாங்க, உள்ள வந்து உக்காருங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

உள்ளே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தது. டேபிள் பேன் ஓடிக்கொண்டிருந்தது. தரை அன்று காலையில் மெழுகியது, ஈரம் காயவில்லை. சொம்பில் தண்ணீர் வந்தது. பிறகு எவர்சில்வர் தம்ளரில் காப்பி, டபராவோடு. அன்று போன எந்த வீட்டிலும் எனக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை. ஆற்றிக் குடித்தேன். தம்ளரின் விளிம்பில் பெயர் பொறித்திருந்தது: 'இராசேந்திரன் – வசந்தா திருமணம்'. கல்யாணத்தில் யாரோ வைத்துக் கொடுத்தது போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. காப்பி நன்றாக இருந்தது.

"உங்களுக்கு வீடு வேணும்னு மனு குடுத்திருக்கீங்களே, என்ன கஷ்டம்?"

"என்னத்தச் சொல்றதுங்க? சொவரு ஐப்பசி தாங்காது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் சொன்னார். மற்ற வீடுகளில் அழுதார்கள், காலில் விழுந்தார்கள். இவர் சிரித்த முகமாக, இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து படம் எடுத்தேன். வாசலில் ஒரு மொபட் நின்றது. படத்தில் அதுவும் விழுந்தது. 'இருசக்கர வாகனம்: உண்டு' என்று எழுதினேன். அந்த வண்டி யாருடையது என்று கேட்கவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

4. கிராம சபை

பட்டியலை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும் என்பதும் விதி. ஆட்சேபணை இருப்பவர்கள் அங்கேயே சொல்லலாம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். கணக்கெடுத்தவன் என்பதால் படிக்கும் வேலையும் எனக்கு.

தேர்வானவர்களில் மேலத்தெருக்காரர் பெயரும் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தள்ளுபடியானவர்களைப் படித்தேன். "சவேரியம்மாள். காரணம்: இருசக்கர வாகனம்."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "எக்கா, வண்டிய எங்க ஒளிச்சு வச்சிருக்க? எங்களையும் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாயேன்!"

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சடக்கென்று எழுந்தார். "சார், அந்த வண்டி வந்து..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த சவேரியம்மா அவர் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

"யாரு அந்தம்மா?" என்று அந்த ஊர்ச் செயலரிடம் கேட்டேன்.

"வசந்தா சார். சவேரியம்மாவுக்குப் பக்கத்து வீடு."

தம்ளரில் படித்த பெயர் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாற்காலி, பேன், தம்ளர், ஒருவேளை அந்தக் காப்பித்தூளும் சர்க்கரையும் கூட. எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை. ஆபீசர் வருகிறார் என்று இரவல் வாங்கி வைத்தவை.

இதை அங்கேயே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. ஒலிபெருக்கியிலேயே கேட்டேன்: "சவேரியம்மா, அந்த வண்டி உங்களோடதா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, இப்பவே எழுதிடறேன்."

அவர் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை பார்த்தார்.

"என்னோடதுதாங்க," என்றார்.

தீர்மானப் புத்தகத்தில் 'மனுதாரர் ஒப்புக்கொண்டார்' என்று ஏறியது. தலைவர் கையெழுத்துப் போட்டார். வண்டி யாருடையது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே ஐந்தாறு பேராவது இருந்திருப்பார்கள். ஒரு பெயர் போனால் அடுத்த பெயர் மேலே வரும் அல்லவா? பேசாமல் இருந்தார்கள்.

5. வரப்பில்

மறுநாள் காலையில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்கே போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள்.

"சவேரி, ஆபீசரு ஒன்னத் தேடி வரப்புக்கே வந்துட்டாரு பாரு! பெட்ரோல் போடக் காசு கேக்கப் போறாரு," என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையில் இருந்த நாற்றை வைத்துவிட்டு, வரப்போரம் தள்ளி வந்தார்.

"வண்டி யாருதும்மா?"

"எங் கொழுந்தன் அந்தோணிதுங்க. வசந்தா வீட்டு நாற்காலி ரெண்டுதான். மத்த ரெண்டையும் பேனையும் அவன்தான் அவங்க ஊர்லேருந்து வண்டில கட்டி எடுத்தாந்தான்."

"எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க? நான் வந்ததே உங்ககிட்ட என்ன இல்லைன்னு பாக்கத்தான."

"எங்க வூட்டுக்கு ஆபீசருன்னு ஒருத்தரு வந்ததே இல்லீங்க. மொதத் தடவையா வர்றவரத் தரையில உக்கார வைக்கச் சொல்றீங்களா?"

"சரி, நேத்தாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவர் கையிலிருந்த சேற்றை வழித்து வாய்க்காலில் கழுவினார். அவசரமே இல்லாமல்தான் பேசினார்.

"அரிசி இல்லாத அன்னிக்கு யாரு வூட்டுலயாவது அரைப்படி வாங்குவேன். குடுப்பாங்க. எதுக்குக் குடுக்கறாங்க? திருப்பித் தந்துடுவான்னு. ஊரு கூடின எடத்துல, மைக்குல, எனக்குச் சொந்தமா ஒரு நாற்காலி கூட கெடையாதுன்னு சொன்னா, நாளைக்கு எத நம்பிக் குடுப்பாங்க? ஸ்டெல்லாவ வேற கேட்டிருக்காங்க. மாப்பிள்ளையோட மாமன் கூட்டத்துல முன்னாடிதான் உக்காந்திருந்தாரு. வூடு இல்லாம இருந்துடலாங்க. ஒண்ணுமில்லாதவன்னு பேரு வாங்கிட்டு இருக்க முடியாது."

அத்தனை வருட வேலையில் வறுமையைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசக் கேட்டிருக்கிறேன். பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இல்லாதவர்களுக்கு ஊரில் இருக்கிற ஒரே சொத்து, ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் நம்புவது. அதை விற்றால்தான் வீடு என்று நான் மைக்கில் விலை கேட்டிருக்கிறேன்.

6. டெபுடி

அலுவலகத்தில் போய் நடந்ததைச் சொன்னேன். டெபுடி கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார். ஆப்பைத் திறந்து படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"வண்டி தெரியுது. படம் நீங்க எடுத்தது. என்னோடதுன்னு சொன்னது அவங்க. நான் எதை சார் மாத்தறது?"

"மறு விசாரணை வைக்கலாமே சார்?"

"வைக்கலாம். மனு எழுதி வாங்கிட்டு வாங்க. அடுத்த கிராம சபையில அதைப் படிச்சு, அவங்களே எழுந்து சொல்லி, தீர்மானம் போடணும்."

"மறுபடியும் மைக்கா? தனியா விசாரிக்கக் கூடாதா சார்?"

"தனியா விசாரிச்சா, பணம் வாங்கிட்டு சேத்துட்டீங்கன்னு உங்க மேலயே பெட்டிஷன் வரும். ஊரறியப் படிக்கறதே ஏமாத்தறவனப் பிடிக்கத்தான?"

அவர் சொன்னது சரிதான். மேலத்தெரு வைக்கோல் கொட்டகையை அவரிடம் அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். 'நீங்க ஏன் அப்ப எழுதல?' என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

7. மழை

அந்த ஐப்பசியில் மழை ஐந்து நாள் விடவில்லை. மூன்றாம் நாள் மேற்குச் சுவர் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெல்லா கடைக்குப் போயிருந்தாள், சவேரியம்மா வயலில் தண்ணீர் வடிக்கப் போயிருந்தார். இருவரும் பிழைத்தார்கள். வாய்க்கால் ஓரத்து ஏழெட்டுக் குடும்பங்களோடு அவர்களையும் கோயில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் தங்க வைத்திருந்தார்கள்.

நான் மனுத்தாளோடு போனேன். நல்ல சமயம் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. சுவரே விழுந்த பிறகு இனி மறைக்க என்ன இருக்கிறது?

வராந்தாவில் எல்லோர் காதும் எங்கள் பக்கமே இருந்தது. அதனால் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், குடையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன். இந்த முறை தயங்காமல் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வண்டி இல்லை. நாற்காலி இல்லை. பேன் இல்லை. கட்டில் இல்லை. சொந்தமாக இருந்தது இரண்டு அலுமினியப் பானை, ஒரு இரும்புச் சட்டி, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், மாதா படம் ஒன்று. அதில் பெட்டியும் படமும் சுவருக்கடியில் போயின. ஒரு பக்கம் கூட நிரம்பவில்லை.

படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில், தன் பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தாளை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இத நீங்க மட்டுந்தான படிப்பீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருந்தால், பின்னால் நடப்பது நடந்திருக்கும். ஒரு வேளை வீடும் வந்திருக்கும்.

"இல்லம்மா. அடுத்த கிராம சபையில படிக்கணும். நீங்க எழுந்து ஆமான்னு சொல்லணும்."

"டிரங்குப் பெட்டியும் சட்டியும் எல்லாம் படிப்பீங்களா?"

"எல்லாம்."

வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா அங்கே கம்பியில் ஈரத்துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தையில் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

"கிழிச்சிடுறேங்க," என்றார்.

எவ்வளவோ சொன்னேன். சத்தமாகப் பேச முடியாது, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாலாக மடித்து, எட்டாகக் கிழித்தார். கோபமே இல்லை.

கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒரு வீட்டில் உங்களுக்கு மரியாதை அதிகமாக நடந்தால், அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று வெளியே வந்து நாலு பேரிடம் கேளுங்கள். இல்லாததைப் பற்றி ஒருவரிடம் பேசும்போது, இன்னொரு காது பக்கத்தில் இருக்க வேண்டாம். ஊரறியப் படிக்காமல் அந்த வண்டுக்காரரைப் பிடிப்பது எப்படி என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படித்தும் நான் அவரைப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

தை பிறக்கும் முன்பே தாயும் மகளும் திருப்பூருக்குப் போய்விட்டதாக வசந்தா சொன்னார். அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று கிணற்றடியில், கிழித்த துண்டுகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். சவேரியம்மா கொடுக்கவில்லை. வராந்தா ஓரத்தில் எல்லோருக்குமாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்புக்குப் போய், ஒவ்வொன்றாக உள்ளே போட்டார்.

"கீழ போட்டா புள்ளைங்க பொறுக்கி ஒட்ட வச்சிப் படிச்சிடுங்க சார்," என்றார். "நீங்க கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."