குரல் கொடுக்காமல் கடந்தவன்

சிம்பாங் ரெங்கத்துக்கு மேற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஐயாசாமி என்றால், மணியில்லாத சைக்கிளில் போகிற ஆள் என்றுதான் பிற்காலத்தில் அடையாளம் சொல்வார்கள். ஆனால் ஜப்பான்காரன் காலத்தின் தொடக்கத்தில் அதே ஆளை ஊர் அறிந்தது மணியால்தான்.

அவன் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். ரப்பர் கேட்பாரற்றுப் போனபின், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஆண்கள் சிலரைப் போல அவனும் சைக்கிளில் பாரம் ஏற்றப் போனான். கால் வலுவுள்ளவன், அவசரக்காரன், கொஞ்சம் பகட்டும் உண்டு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பங்களாவுக்குள் நுழைந்தவர்கள் அரிசியும் பாத்திரமுமாக எடுத்து வந்தார்கள். இவன் துரை மகனின் சைக்கிளில் இருந்த மணியைக் கழற்றி வந்தான். வெள்ளி போலப் பளபளத்த மணி. தட்டினால் தோப்பு முழுக்கக் கேட்கும்.

“அதைக் கழத்திப் போடு தம்பி,” என்று வேலு ஒருமுறை சொன்னார். “நம்ம பாதையில மணி அடிக்கிறவன் ஜப்பான் பட்டாளத்தான் ஒருத்தன்தான்.”

ஐயாசாமி சிரித்துவிட்டு, அழகுக்குத்தான் வைத்திருப்பதாகவும் அடிக்கப்போவதில்லை என்றும் சொன்னான்.

வேலு அவனைவிடப் பத்து வயது மூத்தவர். பாரக்காரர்களில் அவருக்குத்தான் மதிப்பு. பத்து பாகாட் என்ற ஊரின் கடற்கரையில் கடல்தண்ணீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. லயத்துப் பெண்கள் முட்டையும், கிழங்கும், சேலையும், பித்தளைச் செம்பும் அவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அதற்கு ஈடாக வந்த உப்பில் ஒரு கல் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

பெரிய சாலையில் காவல் சாவடிகள் இருந்தன. அங்கே இறங்கி, இடுப்புவரை குனிந்து, நிமிரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். மூட்டையில் உப்பு இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் பாரக்காரர்கள் பாரிட் கரையோடு போனார்கள். பாரிட் என்பது சதுப்பு நிலத்தில் தண்ணீர் வடிவதற்காக வெட்டிய நீண்ட வாய்க்கால். அதன் கரையில், கறுத்த மண் நடுவே ஒரு சக்கரம் போகும் அளவுக்குத்தான் காய்ந்த தடம் இருக்கும். இருபுறமும் சேறு. டயர் கிடைக்காத காலம். பழைய ரப்பர் குழாயை வளைத்துக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். சேற்றில் இறங்கினால் அந்தச் சக்கரம் ஏறாது.

ஆகவே பாரக்காரர்களுக்குள் ஒரு முறை வந்திருந்தது. யார் வகுத்தது என்று தெரியாது, ஆனால் மீறியவர் இல்லை. காய்ந்த தடம் பாரம் ஏற்றியவனுக்கு. பின்னால் வெறுஞ்சைக்கிளில் வேகமாக வருகிறவன் வாயால் குரல் கொடுத்து எந்தப் பக்கம் கடக்கப்போகிறான் என்று சொல்ல வேண்டும். முன்னால் போகிறவன், கரை அகலமான இடம் வந்ததும், “வா” என்பான். அதுவரை பின்னாலேயே வர வேண்டும். கடந்து போனவன் அடுத்த மரப்பாலத்தில் நின்று, பின்னால் வருகிறவனின் மூட்டையைப் பாலத்துக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் அப்படித்தான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஐயாசாமியின் மனைவி தனலெட்சுமிக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. வயிற்றில் எட்டு மாதம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் சாக்கெல்லாம் போட்டு மூடியும் நடுக்கம் நிற்கவில்லை. தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை தீர்ந்து நாளாகியிருந்தது. ஐயாசாமி மனைவியின் மூக்குத்தியை எடுத்துக்கொண்டு பத்து பாகாட்டுக்கு ஓடினான். ஒரு சீன மருந்துக்கடைக்காரர் மூக்குத்தியை வாங்கிக்கொண்டு, காகிதத்தில் மடித்த மாத்திரைகளைக் கொடுத்தார். அதை இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டு பாரிட் கரையில் திரும்பினான்.

பாதி வழியில் முன்னால் வேலு போய்க்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் உப்பு மூட்டை. சைக்கிள் நத்தை போல ஊர்ந்தது. கரை அகலமாகும் இடம் வெகுதூரத்தில் இருந்தது.

குரல் கொடுத்தால் வேலு பதில் சொல்வார். பதில் சொன்னால் அகலமான இடம் வரும்வரை அவர் பின்னால் ஊர வேண்டும். மனைவியின் நிலைமையைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியது மணிதான்.

கட்டைவிரல் ஒரே ஒரு முறைதான் தட்டியது.

வேலு திரும்பிப் பார்க்கவில்லை. தடத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவர் போல இறங்கினார். சைக்கிள் சரிந்து மூட்டைகளோடு வாய்க்காலுக்குள் போயிற்று. அவர் அதைப் பிடிக்கக்கூட முயலவில்லை. முழங்கால் அளவு சேற்றில் நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

ஐயாசாமி கடந்து போனான். அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. வெயிலில் கறுத்து, வேர்வை வழிந்த பிடரி. யாருக்கு அவர் குனிகிறார் என்பது அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அந்தக் கணத்தில் நின்றிருந்தால்கூட ஒன்று அல்லது இரண்டு படி உப்பையாவது தூக்கியிருக்கலாம். புரிந்தபின் நிற்க முடியவில்லை. நின்றால் அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். பெடலை இன்னும் வேகமாக மிதித்தான்.

மரப்பாலத்திலும் அவன் நிற்கவில்லை. ஆனால் அதைத் தாண்டியதும் மணியைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டான்.

பொழுது சாய்வதற்குள் தனலெட்சுமிக்கு வேர்த்தது. காய்ச்சல் இறங்கிற்று. பேச்சியம்மாள் அவன் தலையைத் தடவி, பறவை மாதிரி பறந்து போய் வந்தானே என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்த நேரத்தில்தான் வேலு வந்தார், ஈரச் சாக்குகளோடு.

பட்டாளத்தான் வந்ததாகவும், பதறி இறங்கியதில் உப்பெல்லாம் தண்ணீரோடு போனதாகவும் சொன்னார். முதலில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு முணுமுணுப்பு கிளம்பியது. எத்தனை வீட்டுச் சேலை, எத்தனை வீட்டுச் செம்பு. உப்பு தண்ணீரில் கரையும்தான், ஆனால் கரைந்ததைக் கண்டது யார்? பத்து பாகாட்டிலேயே விற்றுவிட்டுச் சாக்கை நனைத்துக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்?

கனகராஜ் இன்னொரு பாரக்காரன். வாய் கொஞ்சம் நீளம். அன்று எதிர்ப்பக்கமிருந்து அதே கரையில் வந்தவன். “நான் வந்த வழியில பட்டாளத்தான் நாத்தமே இல்லையே,” என்றான். பிறகு ஐயாசாமி பக்கம் திரும்பினான். “நீயும் அந்த வழியாத்தானே வந்த. பாத்தியா?”

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். வேலுவும் பார்த்தார்.

“பாக்கல,” என்றான் ஐயாசாமி.

ஒரு விதத்தில் அது உண்மை. பட்டாளத்தானை அவன் பார்க்கவில்லைதான். அந்த உண்மையே வேலுவைத் திருடனாக்கிற்று.

வேலு சாக்குகளைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அதன்பின் லயத்தில் உப்பில்லாத கஞ்சிதான். காய்ச்சல் விட்ட வாயோடு தனலெட்சுமி மரவள்ளிக் கிழங்கை மென்று மென்று விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டிருப்பாள். “நாக்குல ஒண்ணுமே ஏறலைங்க. ஒரே ஒரு கல்லு உப்பு கிடைக்குமா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு, வேலு அண்ணன் அப்படிச் செய்கிற ஆளா என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஐயாசாமி வெளியே எழுந்து போய்விடுவான்.

வேலுவிடம் யாரும் பண்டம் கொடுக்கவில்லை. அவர் மனைவி தண்ணீர்த் தொட்டிக்கு வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்தார் கூடிப் பேசி, இனி உப்புக்குப் போக நம்பிக்கையான ஆள் ஐயாசாமிதான் என்று முடிவு செய்தார்கள். பேச்சியம்மாள் தன் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே வெண்கலத் தட்டைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அந்தத் தட்டு அவன் கையில் கல்லாகக் கனத்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போய் உப்பு வாங்கி வந்தான். திரும்பும்போது அந்த இடத்தில் கரை சரிந்த அடையாளம் இன்னும் இருந்தது.

அன்றே, மூட்டையை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, வேலுவைத் தேடிப் போனான். அவர் லயத்துக்குப் பின்னால் கிழங்குக் கொல்லையில் மண் கொத்திக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்தும் கொத்துவதை நிறுத்தவில்லை.

ஐயாசாமி எங்கெங்கோ சுற்றி, கடைசியில், “பட்டாளத்தான்னு நினைச்சீங்களாண்ணே?” என்று கேட்டான்.

“ஒண்ணும் நினைக்கல. மணி கேட்டதும் உடம்பு தானா இறங்கிக் குனிஞ்சுருச்சு.” வேலு ஒரு கட்டி மண்ணை உடைத்தார். “என் தம்பியைச் சயாம்ல ரயில் பாதை போடப் பிடிச்சிக்கிட்டுப் போனப்பவும் மணி அடிச்சிக்கிட்டுத்தான் வந்தானுங்க. சத்தம் தாண்டுனப்புறம் தலையைத் தூக்கினேன். உன் முதுகு தெரிஞ்சுச்சு.”

ஐயாசாமிக்குப் புரிந்தது. அன்று மாலை எல்லோர் முன்னாலும் ‘பாக்கல’ என்றானே, அப்போதே அவருக்குத் தெரியும்.

“தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?”

“என்னன்னு சொல்லச் சொல்ற? ஐயாசாமிக்குக் குனிஞ்சு கும்பிடு போட்டேன், அதுல உப்பு போச்சுன்னா? என் பொஞ்சாதி முன்னாடி அதைச் சொல்லணுமா?” அப்போதுதான் வேலு நிமிர்ந்தார். “திருடன்னு சொல்றாங்களா, சொல்லிட்டுப் போறாங்க. இது தெரிய வேணாம். நீயும் சொல்லிடாத.”

ஐயாசாமி தன் வெட்கத்தைத்தான் அங்கே சுமந்து போனான். திரும்பும்போது அவருடையதும் சேர்ந்துகொண்டது. தன் குற்றத்தைச் சொன்னால் அவர் குனிந்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் திருடன். மண்வெட்டிச் சத்தம் அவன் பின்னாலேயே வந்தது.

மறுநாள் காலை பழைய பெரட்டுக் களத்தில், முன்பு கங்காணி ஆள் கணக்கெடுத்த அதே இடத்தில், எல்லோரும் உப்பு வாங்கக் கூடினார்கள். பேச்சியம்மாள் சிரட்டையால் அளந்து போட்டாள். வேலுவின் மனைவி கடைசியில் தள்ளி நின்றாள். அவள் முறை வந்ததும், இவர்கள் வீட்டுக்கும் கொடுக்கணுமா என்று கனகராஜ் கேட்டான். சிரட்டை பாதியில் நின்றது.

“வேலு அண்ணன் உப்பை விக்கல,” என்றான் ஐயாசாமி. “பின்னால வந்து முட்டித் தள்ளினது நான். குரல் குடுக்கல. அவர் விழுந்தப்ப நிக்கவும் இல்ல. பாலத்துலயும் நிக்கல.”

“அப்ப பட்டாளத்தான்?” என்றான் கனகராஜ்.

“என்னைக் காட்டிக் குடுக்க வேணாம்னு அவரா கட்டிச் சொன்னது.”

கனகராஜ் அவன் சைக்கிளைப் பார்த்தான். “உன் மணி எங்கடா?”

“அப்ப விழுந்துருச்சு.”

வேலு ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். அவர் முகம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. ஐயாசாமி அவரைப் பார்க்கவில்லை. கனகராஜ் அதற்கு மேல் கேட்காமல் தரையில் துப்பினான்.

பேச்சியம்மாள்தான் பேசினாள். “புள்ளத்தாச்சிக்கு மருந்து கொண்டுபோறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூட்டையை இறக்கி வச்சிட்டு வழி விட்டிருப்பாரேடா.” அவள் அதட்டவில்லை. சிரட்டையை நிரப்பி வேலுவின் மனைவியின் முந்தானையில் கொட்டினாள். பிறகு இன்னொரு சிரட்டை கொட்டினாள். அது ஐயாசாமி வீட்டுப் பங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

தனலெட்சுமிக்குக் குழந்தை பிறந்தபோதும் பேச்சியம்மாள் வந்தாள், எல்லாம் செய்தாள். ஆனால் ஐயாசாமியின் தலையைத் தடவவில்லை.

வேலு மறுபடி உப்புக்குப் போனார். ஐயாசாமியை யாரும் பாரக்காரர் வரிசையிலிருந்து விலக்கவில்லை. அவனே கடைசியில் போனான். சைக்கிளில் பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் கடக்கமாட்டான். முன்னால் போகிறவர்கள் அவன் இருப்பதையே மறந்து பேசிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் கடற்கரையிலிருந்து வேலுவும் அவனும் மட்டும் திரும்ப நேர்ந்தது. அன்று இவனுக்கு உப்பு கிடைக்கவில்லை, வெறுஞ்சைக்கிள். வேலு முன்னால் பாரத்தோடு ஊர்ந்தார். கரை அகலமான இடம் வந்ததும் காலை ஊன்றி ஒதுங்கினார்.

“வா,” என்றார்.

ஐயாசாமியும் இறங்கி நின்றுவிட்டான். “நீங்க போங்கண்ணே.”

“ஒதுங்கி நிக்கிறேன்ல. வழி விட்டா எடுத்துக்கணும். இன்னும் எத்தனை நாளைக்கு என் முதுகைப் பாத்துக்கிட்டு வருவ?”

வழிவிட்டவனை நிற்க வைப்பதும் முறை இல்லை. ஐயாசாமி சைக்கிளில் ஏறினான். “வலப்பக்கம் வர்றேண்ணே,” என்று குரல் கொடுத்தான். கேட்குமோ கேட்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னான். வேலு நிமிர்ந்து நின்று, அவன் கடந்து போவதை நேராகப் பார்த்தார். தலையைத் தாழ்த்திக்கொண்டு போனவன் இவன்தான்.

பாலத்தில் இறங்கிக் காத்திருந்தான். வேலு வந்து சேர நேரமாயிற்று. அவர் முன்னால் பிடிக்க, இவன் பின்னாலிருந்து மூட்டையில் உள்ளங்கை ஊன்றித் தள்ளினான். பலகைகள் முனகின. மேலே ஏறியதும் வேலு திரும்பிப் பாராமல், “சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்தார்.

ஈரச் சாக்கிலிருந்து கசிந்த உப்பு அவன் கையில் பிசுபிசுத்தது. அவன் அதை வேட்டியில் துடைத்துக்கொள்ளவில்லை. வேலு கொஞ்ச தூரம் போகட்டும் என்று நின்று, பிறகு அவர் பின்னாலேயே போனான்.