காளையின் கழுத்தில் ஜெர்மன் காசு

ஓசூர் மாட்டுச் சந்தை, சித்திரை மாத ஞாயிறு, காலை எட்டேகால். மூன்று சந்தையாக விலைபோகாத காளையைப் பிடித்தபடி முனியப்பா நிற்கிறார். அதன் கழுத்துக் கயிற்றில் ஒரு வெள்ளிக்காசு தொங்குகிறது. காசில் தூணருகே ஒரு மான். ஆண்டு இருந்த இடத்தில்தான் துளை போட்டிருக்கிறார்கள்!

“இது ஸ்டோல்பெர்க் காசுங்க! ஜெர்மனில ஒரு குட்டி சமஸ்தானம். கிடைக்கறதே அபூர்வம்!” என்று பழங்காசு சேர்க்கும் நான் உரக்கச் சொல்லிவிடுகிறேன்.

அதுவரை காளையை வாங்காமல் பிகு செய்த மைசூர் வியாபாரி, முனியப்பா கேட்ட விலையை அப்படியே கொடுக்கிறார். முனியப்பா நிதானமாகக் கயிற்றை அவிழ்க்கிறார்.

“அந்த வெள்ளிக்காசு?” என்று பதறுகிறார் வியாபாரி.

“மாட்ட வித்தாலும் கயித்த விக்கறதில்ல சாமி. உங்க பக்கமும் அதானே வழக்கம்?”

வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். முனியப்பா என் பக்கம் திரும்புகிறார்.

“அடுத்த சந்தைக்கும் வந்துருங்க சார். ஊட்ல இன்னொரு காள இருக்குது.”