கோடு விழுந்த வளைவு

இன்று செம்மேட்டிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில், டவர் கிடைக்கும் வளைவு வந்ததும் வழக்கம்போல எல்லாரும் போனைத் தூக்கினோம். எனக்கு ஆய்வகத்திலிருந்து ஒரு கிராஃப் வந்திருந்தது.

சில அணுக்களின் தடிமனே உள்ள குறைக்கடத்தித் தாள்களை அடுக்கி, கடுமையாகக் குளிரவைத்து, மின்தடை மறைகிறதா என்று பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. இத்தனை நாள் மறையவில்லை.

இன்று கோடு சரசரவென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியிருந்தது!

பக்கத்தில் மிளகு மூட்டையோடு இருந்த அக்கா எட்டிப் பார்த்துப் பதறினார். "ஏங்கண்ணு, மொளகு வெல இப்பிடி உழுந்துருச்சா?"

"வெல இல்லீங்க்கா. கரண்ட் ஓடறதுக்கு இருந்த தடை. அது உழுந்தாத்தான் நல்லது. மறுபடியும் அளந்து பாக்கத்தான் போறேன்."

மூட்டையை அணைத்துக்கொண்டார். "உன்னுது மறுக்காவும் உழுவட்டும் சாமி. என்னுது ஏறட்டும்."

இரண்டு வேண்டுதலையும் இந்தப் பதிவில் போட்டுவிட்டேன். எது முதலில் பலிக்கும், சொல்லுங்கள்.