கடலே வந்து தள்ளும் ஆறு

போன வாரம் நெல் அளந்து போட்ட பிறகு, காலியான சணல் சாக்குகளை என் மனைவி கூடத்தில் போட்டு உதறினாள். அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது பாருங்கள், நான் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஈரச் சணல், மில் எண்ணெய், சேற்று மண், மூன்றும் கலந்த வாடை. "தூசி படறதா? அந்தண்டை போய் உக்காருங்கோளேன்" என்றாள். தூசிக்கு யார் எழுந்தார்கள்? கும்பகோணத்துக் கூடத்துக்குள் கல்கத்தா ஹூக்ளி ஆறு புகுந்தால் மனுஷன் எழுந்திருக்க மாட்டானா?

கல்கத்தாவில் குதிரை ட்ராம் ஒழிந்து மின்சார ட்ராம் வந்த புதிதில் நான் அங்கே போனேன். டைப் அடிக்கத் தெரியும் என்கிற கர்வம் ஒன்றுதான் மூலதனம். பவானிபூரில் நம்மவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் ஜாகை. அந்த ரசத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். கங்கை ஜலம் இதைவிடக் கெட்டியாக இருக்கும் என்று பரிமாறுகிறவரிடமே ஒரு நாள் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு வாரம் அவர் என் இலைப் பக்கமே திரும்பவில்லை. ஆபீஸ் ஆற்றங்கரையில், ஒரு ஸ்டீமர் கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் சணல் மூட்டை ஏற்றிய படகுகள், அஸ்ஸாம் தேயிலைப் பெட்டிகள், கிழக்கு வங்கத்து அரிசி. நாள் முழுக்கப் பார்த்தாலும் தீராது. நம் காவிரியில் பரிசலைத் தவிர என்ன கண்டோம்!

அடுத்த மேஜை சேஷன். திருவையாற்றுக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், சிரித்தால் மாடியில் இருக்கும் துரைக்குக் கேட்கும். சீமையில் பங்கு வாங்குகிறவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் போட வேண்டும், இந்த ஆற்றுப் பிரதேசத்தின் செல்வங்களையெல்லாம் எழுதிக் கொடு என்று துரை அவரிடம்தான் சொன்னார். மனுஷன் எழுதினார் ஐயா! சுந்தரவனத்துத் தேனும் மரமும், கடலோரத்துத் தேங்காயும் பாக்கும், சதுப்பு நிலத்து நெல்லும், வலையைப் போட்டால் கிழிகிற அளவுக்கு மீனும். (மீனைப் பற்றி எழுதும்போது மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டார்.) அவருக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு. அதை நான் டைப் அடித்ததும் பிடுங்கி உரக்கப் படிப்பார்: இங்கே தினமும் இரண்டு தடவை கடலே ஆற்றுக்குள் ஏறி வந்து, கூலி வாங்காமல் சரக்கை மேலே தள்ளிக் கொடுக்கிறது.

"கூலி கேக்காத மாடுங்காணும்! நம்மூர்ல இப்படி ஒண்ணு உண்டா?" என்பார்.

துரைக்காக எழுதியதைத் துரை நம்பினாரோ என்னவோ, எழுதினவர் நம்பிவிட்டார். ஸ்டீமர் நுழைய முடியாத கால்வாய்கள் ஆயிரம் இருக்கின்றன, அங்கேயெல்லாம் சின்னப் படகு போகும். தேங்காயும் அரிசியும் நேரே கல்கத்தாவுக்குக் கொண்டு வரலாம். நம்மவர்கள் எத்தனை நாளைக்குத்தான் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அலைவது? இப்படியே பேசிப் பேசி ஆனி மாசத்தில் வேலையை விட்டுவிட்டார். அவர் மனைவி கமலத்தின் வைரத்தோடு ஒரு படகாக மாறியது. காசிம் என்று ஒரு மாஜி, அதாவது படகோட்டி, அமர்ந்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் யார் வாயைத் திறக்க முடியும்?

ஆடி பதினெட்டு வந்தது. காவிரிக்கரையில் பிறந்தவர்கள் எங்கே போனாலும் அன்றைக்கு ஆற்றுக்குப் போகாமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். புதுப் படகிலேயே போய்ப் பூஜை பண்ணி, மறுநாள் முதல் சரக்குக்குத் தெற்கே அனுப்புவது என்று ஏற்பாடு. கமலம் புளியஞ்சாதமும் எலுமிச்சஞ்சாதமும் கிளறி எடுத்து வந்தாள். வாசனை தூக்கியது. மெஸ் ரசத்தில் கிடந்தவன், நான் பூஜை முடிகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமிச் சமீபம். வழியில் பார்த்தேன், நங்கூரம் போட்டிருந்த கப்பல்களுக்கெல்லாம் காலையிலேயே கூடுதல் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள். துறையில் எப்போதும் இடித்துக்கொண்டு நிற்கும் படகுகளில் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாம் நடு ஆற்றில் கூட்டமாக நின்றன. குளிக்கிறவர்களும் இல்லை.

"பாத்தீரா? நமக்குன்னே எடத்தைக் காலி பண்ணி வெச்சிருக்கா!" என்று சேஷன் சிரித்தார்.

படகில் ஏறிக் கொஞ்ச தூரம் போனோம். ஆறு வற்றிச் சேறு தெரிந்தது. "ஏன்னா, பெருக்கைக் கும்பிட வந்தா ஜலமே வடிஞ்சு கெடக்கே. எனக்கு என்னமோ நன்னா படலை" என்றாள் கமலம். கருகமணியும் காதோலையும் தாம்பாளத்தில் இருந்தன. அவள் காதிலே ஒன்றும் இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் தெற்கேயிருந்து அந்தக் கூப்பாடு வந்தது. "பான்! பான்!" ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்கு, கரையிலிருந்து கரைக்கு. கடல் ஏற்றம் சில நாட்களில் சாதுவாக ஏறாமல் சுவராக எழும்பி வரும். அதற்குத்தான் பான் என்று பெயர். ஆபீஸ் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோமே தவிர, ஆற்றிலிருந்து பார்த்ததில்லை. தெற்கே ஒரு வெள்ளைக் கோடு. அதோடு மில் இயந்திரம் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

காசிம் படகை நடு ஆற்றுக்குத் திருப்பினான். "பீச் மே, பாபு! பீச் மே!" என்று இந்தியில் கத்தினான்.

"நடுவிலேயா? பைத்தியமா உனக்கு? கரைக்கு விடு!" என்றார் சேஷன். தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். காவிரியில் வெள்ளம் வந்தால் கரை ஏறுவோம். தொட்டிலிலேயே அதுதானே பாடம்? காசிம் ஒரு கணம் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கரைக்குத் திருப்பினான்.

படி வந்ததும் கமலத்தைக் கையைப் பிடித்து ஏற்றினேன். இரண்டு பேரும் மேலே ஓடினோம். காசிம் கயிற்றை விட்டுவிட்டு ஆற்றிலேயே குதித்து நடு ஆற்றை நோக்கி நீந்தினான். சேஷன் மட்டும் கீழ்ப்படியில் நின்று படகைக் கட்டையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டு வாங்கோன்னா! போனாப் போறது!" என்று கமலம் அலறினாள்.

"ஒரு முடிச்சுடி, இதோ!" என்றார்.

கரையோரத்தில்தான் அந்தப் பான் உயரமாக வந்தது. படகைத் தூக்கிப் படிக்கட்டின் மேல் அறைந்தது. சேஷன் படகுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தார். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

நிமிர்ந்து பார்த்தால், நடு ஆற்றில் அத்தனை படகுகளும் ஒரு தடவை தூக்கிப் போட்டு இறங்கி, பத்திரமாக நின்றுகொண்டிருந்தன. காசிமை அவற்றில் ஒன்றில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சணல் படகுகள் வடக்கே நகர ஆரம்பித்தன. துடுப்புகூடப் போடவில்லை. சேஷன் எழுதினபடியே கடல் தள்ளிக்கொண்டு போயிற்று. எனக்கு அந்த ஆற்றின் மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

கமலத்தை அவள் தமையன் வந்து குத்தாலத்துக்கு, பிறந்த வீட்டுக்கு, அழைத்துப் போனான். துரையின் புத்தகம் வழவழ காகிதத்தில் அச்சாகி வந்தது, கூலி வாங்காத கடல் உட்பட. நானும் சில வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டேன். அந்தப் படித்துறையை இடித்து ஸ்டீமர் ஜெட்டி கட்டிவிட்டார்களாம். பவானிபூரில் நம் வீட்டுப் பெண்கள் ஆடி பதினெட்டுக்கு ஆற்றுப் பக்கமே போவதில்லையாம். குழாயடியில் ஒரு குடத்துக்குக் குங்குமம் இட்டு முடித்துக்கொள்கிறார்கள் என்று போன மாசம் வந்த ஒருவர் சொன்னார். சேஷன் என்றால் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

இங்கே ஆடி பதினெட்டன்று ஊரே காவிரிப் படியில் நிற்கும். எல்லோரும் புதுத் தண்ணீர் வருகிற மேற்குப் பக்கம் பார்ப்பார்கள். நான் கிழக்கே, கடல் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"அங்க என்ன இருக்கு? இந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுங்கோ" என்பாள் மனைவி.

ஒன்றுமில்லைதான், மணல்தான் இருக்கிறது. திரும்பிக் கும்பிடுகிறேன். ஆனால் கீழ்ப்படிக்கு இறங்குவதில்லை. கரைக்கு வந்துவிட்டால் பிழைத்தோம் என்று நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அந்த ஹூக்ளித் துறையோடு போய்விட்டன.