ஐந்தாவது கழுவல்

வெண்ணந்தூரில் அதைப் பூச்சிக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். பழைய கோழித்தீவனக் குடோன் ஒன்றைச் சுத்தப்படுத்தி, கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி மாட்டி நடத்துகிற சின்ன ஆய்வுக்கூடம். உள்ளே ஒரு சிலந்திகூடக் கிடையாது. சௌந்திரம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "எட்டுக்கால் பூச்சிக்கு என்ன தீனி போடறீங்க?" என்று தெருவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். சிலந்தியின் பட்டுக்கான மரபணுவைக் கிருமிக்குள் வைத்துத் தொட்டியில் வளர்க்கிறார்கள், அந்தக் கிருமி உண்டாக்குகிற புரதத்தைப் பிரித்து, கழுவி, கரைத்து, ஊசிமுனை வழியாகத் திரவத்துக்குள் பீய்ச்சினால் நூலாகிவிடும், ஆபரேஷன் தையலுக்கு ஆகும் என்று ஒன்றிரண்டு பேருக்கு விளக்கிப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போய், "சோளந்தானுங்க போடறோம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. விசைத்தறிக் கூடத்தில் இருபது வருஷம் தார்க்குச்சியில் நூல் சுற்றி, அறுந்த இழை முடிந்தவள். கம்பெனியை நடத்திய ரஞ்சனி, ஓமலூர்ப் பக்கத்துப் பெண், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவள். தலைமுடியைவிட மெல்லிசான அந்த நூலைப் பட்டம் வாங்கிய இரண்டு பேர் எடுத்தெடுத்து அறுத்தார்கள். சௌந்திரம் முதல் நாளே அறுக்காமல் சுற்றிக் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் புரதம் கழுவுகிற பொறுப்பும், அதற்குக் கையெழுத்துப் போடுகிற உரிமையும் அவள் கைக்கு வந்தன.

வீட்டுக்காரர் சின்னுசாமி போர்வெல் போடும் ரிக் வண்டி டிரைவராக வடக்கே சுற்றியவர். சிறுநீரகம் கெட்டு ஊரோடு வந்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் ராசிபுரத்தில் டயாலிசிஸ். விடியுமுன் எழுந்து உப்பில்லாமல் சமைத்து, அவரை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் படுக்கையில் விட்டுவிட்டு, வேறு பஸ் பிடித்துக் கம்பெனிக்கு வருவாள். சாயங்காலம் திரும்ப அதே சுற்று. தூங்கி எழுந்தாலும் அசதியும் கூடவே எழுந்து வந்தது.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் நாளில் அது நடந்தது. ஆடுகளுக்குத் தையல் போட்டுப் பார்க்கும் சோதனைக்காக இரண்டு குடுவைப் புரதம் தயாராகிக்கொண்டிருந்தது. கிருமியின் மிச்சம் துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு குடுவையையும் ஐந்து முறை கழுவ வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம். முதல் குடுவை முந்தின நாளே முடிந்துவிட்டது. இரண்டாவதில் நான்கு கழுவல் ஆனபின் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். திறந்தபோது நாலரை மணி. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பார். படிவத்தில் ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது. அதில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரி முதல் குடுவையிலிருந்து எடுத்தது. சுத்தம் என்று சான்று வந்துவிட்டது. பன்னிரண்டு ஆடுகளுக்கு விலாவில் சின்னதாகக் கீறி, அந்த நூலால் தைத்தார்கள். ஒன்பதாம் நாள், சோதனையைக் கவனித்த கால்நடை மருத்துவர் குமரன் போன் செய்தார். நான்கு ஆடுகளுக்குக் காயம் வீங்கியிருக்கிறதாம்.

நூல் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு ரஞ்சனியும் சௌந்திரமும் நாமக்கல் பக்கத்து ஆட்டுக்கொட்டகைக்குப் போனார்கள். குமரன் வீங்கிய ஆடுகளின் எண்களைப் படித்தார். ரஞ்சனி அடுக்கடுக்காகச் சந்தேகப்பட்டாள். கத்தி சரியில்லையோ, கொட்டகையில் ஈயோ, சிலந்திப் பட்டே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதோ? ஆறு வருஷ உழைப்பு அந்தக் கடைசிக் கேள்வியில் தொங்கியது.

சௌந்திரம் கறுப்பு ஆடு ஒன்றின் முன்னால் நின்றாள். தீனியாகப் போட்ட வேலிமசால் தழையைத் தொடாமல் அது சுவரோரம் ஒண்டியிருந்தது. விலாவில் கை வைத்தாள். கொதித்தது. ஆடு கத்தவில்லை, நகரவும் இல்லை.

"இந்த நாலும் எந்தக் குடுவைங்க டாக்டரே?"

குமரன் பதிவேட்டில் பார்த்தார். "நாலுமே ரெண்டாவதுங்க."

"மேடம்," என்றாள் சௌந்திரம். "அது நாந்தானுங்க. அஞ்சாவது தடவ கழுவலீங்க. கழுவுனதாக் கையெழுத்துப் போட்டுப்போட்டேன்."

ரஞ்சனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதிவேட்டை மூடினாள். "அன்னைக்கு மாமாவுக்கு முடியலையாக்கா? ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். கேட்டவளே வழி காட்டினாள். ஆனால் பொய்யை எடுத்துக் கட்டிக் காப்பாற்றவும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

"இல்லீங்க. அவரு நல்லாத்தான் இருந்தாரு. எனக்கு அசதியா இருந்துச்சு. வேற ஒண்ணும் காரணமில்லீங்க."

"எழுதித் தருவீங்களா?"

"தாரேனுங்க."

கம்பெனிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எழுதிக் கொடுத்தாள்.

மிச்சமிருந்த நூலைச் சோதித்தபோது கிருமியின் எச்சம் அளவுக்கு மேல் பல மடங்கு இருந்தது. பட்டின் மேல் குற்றமில்லை. இரண்டாம் குடுவை நூல் முழுவதையும் எரித்தார்கள். தையலைப் பிரித்து மருந்து போட்டதில் மூன்று ஆடுகள் வாரத்தில் தேறின; கறுப்புக்கு மூன்று வாரம் பிடித்தது. நடந்ததை நடந்தபடியே எழுதி சோதனைக்கு அனுமதி தந்த மேலிடத்துக்கு ரஞ்சனி அனுப்பினாள். ஒரே குடுவையிலிருந்து மாதிரி எடுத்தது தன் தவறு என்றும் அதில் சேர்த்திருந்தாள். சோதனையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தது.

சௌந்திரம் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னாள்.

"நின்னுட்டா நூல யாரு சுத்தறது?" என்றாள் ரஞ்சனி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. அதில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை.

கையெழுத்து உரிமை போயிற்று. கழுவும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், டயாலிசிஸ் நாட்களில் சௌந்திரத்துக்குக் கழுவல் வேலை கிடையாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மற்றவர்கள் அதைத் தண்டனை என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். சில வாரம் கழித்துத்தான், அந்த நாட்களில் தான் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கவனித்தாள். ரஞ்சனி அதைப் பற்றிக் கடைசிவரை எதுவும் பேசவில்லை.

ஐப்பசியில் வேறு பன்னிரண்டு ஆடுகளுக்குத் தையல் போட்டார்கள். முப்பது நாள் கழிந்து, ராசிபுரம் ஆஸ்பத்திரியில் சின்னுசாமியின் படுக்கையருகே இருந்தபோது ரஞ்சனி கூப்பிட்டாள். பன்னிரண்டும் சுத்தமாக ஆறிவிட்டன. தழும்புகூடச் சன்னமாகத்தான் தெரிகிறதாம்.

"ரொம்ப சந்தோஷமுங்க," என்றாள். சந்தோஷம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. ஆனால் இருந்தது.

சின்னுசாமி கண் திறந்தார். "என்னவாமா?"

"ஆட்டுக்கு ஆறிப்போச்சாமா."

"அப்ப இனி மனுசனுக்குப் போட்டுருவாங்களா?"

"அதுக்கு இன்னும் நாலஞ்சு வருசம் ஆகுமுங்க. இன்னொரு பரிட்ச, அப்பறம் இன்னொண்ணு."

"அத்தன நாளா?" என்றார் அவர். "அதுவரைக்கும் நீ போவோணுமா?"

"போவோணுமுங்க."

நர்ஸ் வந்து குழாயைக் கழற்றினாள். சௌந்திரம் குனிந்து கட்டிலுக்கடியில் அவருடைய செருப்பைத் தேடினாள்.